குளோன் செய்த சர்வர்களில் லைசென்ஸ் பிழை: கீயை மாற்றாதீர்கள், அடையாள எண்ணைப் பாருங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் சர்வர் ஒன்றை அமைத்து, அதையே குளோன் செய்து ஆறு விர்ச்சுவல் மெஷின் ஏற்றியிருக்கிறார்கள். ஆறும் ஓடுகின்றன, ஒன்றுகூட ஆக்டிவேட் ஆகவில்லை. திரையில் 'சி004எஃப்038' என்று முடியும் பிழை. உடனே புது கீ தேடிப் போகாதீர்கள். கேஎம்எஸ் முறையில், அதாவது அலுவலகத்தின் ஒரு சர்வரே மற்ற மெஷின்களை ஆக்டிவேட் செய்துதரும் முறையில், ஒரே பதிப்புள்ள சர்வர்களில் ஒரே கீ இருப்பதுதான் சரி. இங்கே இரட்டித்திருப்பது சிஎம்ஐடி (கிளையண்ட் மெஷின் ஐடி), அதாவது மெஷினுக்கு மெஷின் மாற வேண்டிய அடையாள எண்.

ஆக்டிவேஷன் தரும் சர்வரான கேஎம்எஸ் ஹோஸ்ட் அந்த எண்ணை வைத்துத்தான் தலை எண்ணுகிறது. வெவ்வேறு எண்கள் 5 சேர்ந்தால்தான் சர்வருக்கு ஆக்டிவேஷன் தரும். டெஸ்க்டாப் விண்டோஸுக்கு 25. ரேஷன் கடையில் ஆறு பேர் ஒரே கார்டை நீட்டினால் ஒரு குடும்பம் என்றுதானே கணக்கு? அதேபோல இதுவும் 1-லேயே நிற்கும்.

முதலில் சோதனை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி' என்று தட்டுங்கள். சில நொடிகளில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதிலுள்ள நீளமான எண்ணைப் பார்த்து எழுத வேண்டாம். பெட்டி முன்னால் இருக்கும்போதே கன்ட்ரோல்-சி அழுத்தினால் மொத்தமும் நகலாகும். நோட்பேடில் ஒட்டிவிட்டு அடுத்த சர்வருக்குப் போங்கள். கிளையண்ட் மெஷின் ஐடி வரி இரண்டு சர்வரில் ஒன்றுபோல் இருந்தால் காரணம் அதுதான். ரீஆர்ம் (அடையாள எண்ணைப் புதிதாக்கும் கட்டளை) இன்னும் எத்தனை முறை மிச்சம் என்பதும் அதே பெட்டியில் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

இனி திருத்தம். ஒவ்வொரு குளோனிலும் 'எஸ்எல்எம்ஜிஆர் /ரீஆர்ம்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் மாற்றம் முழுமையாகும். அதற்குள் அவசரப்பட்டு இன்னொரு முறை அடித்து ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ' கொடுத்து ஆக்டிவேஷன் கேளுங்கள். கணக்கு 5-ஐத் தொடும் வரை பழைய பிழையே வரும், பதற வேண்டாம். தொட்டபின் மற்ற சர்வர்களும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும். யார் யார் கேட்டார்கள் என்பதை ஹோஸ்டின் ஈவென்ட் வியூவரில், கீ மேனேஜ்மென்ட் சர்வீஸ் லாகில், 12290 பதிவுகளில் பார்க்கலாம்.

பிழை 'சி004எஃப்074' என்றால் சர்வர் ஹோஸ்டையே எட்டவில்லை. ஃபயர்வாலில் 1688 போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள்.

'சி004எஃப்06சி' வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். டைம் ஜோன் அமெரிக்க பசிபிக்கிலேயே இருக்க, மணியை மட்டும் நம்மூருக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். டாஸ்க்பாரில் சரியாகத் தெரியும், உள்ளே 12 மணி நேரத்துக்கு மேல் பிசகியிருக்கும். கேஎம்எஸ் பொறுத்துக்கொள்வது 4 மணி நேரம்தான். பட்டியலில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி' என்ற ஜோனைத் தேர்ந்தெடுத்த பிறகு மணியைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த முறைக்கு. ஒரு மெஷினை டெம்ப்ளேட் (குளோனுக்கான மூலப் பிரதி) ஆக்கும் முன், அதன் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவியான சிஸ்பிரெப்பை அதில் 'ஜெனரலைஸ்' தேர்வோடு ஓட்டி, அணைத்துவிட்டு, பிறகு குளோன் செய்யுங்கள். பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் மட்டும் அதை ஓட்டிவிடாதீர்கள்: டொமைன் இணைப்பு போய்விடும், சர்வர் முதல் நாள் அமைப்புத் திரையில் வந்து நிற்கும்.