பிரிந்த காதலர்களும் பழைய வீடும்: தொலைக்காட்சிப் படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

அமெரிக்காவில் திரையரங்குக்குப் போகாமல் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் காதல் படங்களில், பார்வையாளர்கள் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதை ஒன்று உண்டு. சிகாகோவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, பாட்டி விட்டுச்சென்ற வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று சொந்த ஊருக்கு வருகிறாள். செப்பனிடாமல் விற்க முடியாது என்று தெரியவருகிறது. பழைய வீட்டில் கைவைக்கத் தெரிந்த தச்சன் அந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான், அவனோ அவள் 12 ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன காதலன். ஹால்மார்க் அலைவரிசை இப்பெயரில் 2001இல் தொடங்கப்பட்டதிலிருந்து இந்த மாதிரிக் கதைகளுக்கு அங்கே தேவை குறைந்ததே இல்லை. இருவரும் சேர்வார்கள் என்பது முதல் விளம்பர இடைவேளைக்கு முன்பே வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், எழுதுபவர் மறைத்துவைத்துக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வகையை எழுதுவது கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் காதலர்களிடமிருந்து தொடங்கி, வீட்டைப் பின்னணித் திரைச்சீலையாகத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். காதலர்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன், வீட்டுக்கு வயது, ஊர், பாணி, நோய் ஆகிய நான்கையும் எழுதிவிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒஹாயோ ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் 1890இல் கட்டப்பட்ட, மூலையில் கோபுரமும் முன்புறம் சுற்றுத் தாழ்வாரமும் கொண்ட ‘குயீன் ஆன்’ பாணி மரவீடு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1880 முதல் 1910 வரை செல்வாக்காக இருந்த பாணி அது. நோய் என்று நான் சொல்வது தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதைத்தான். கூரை விளிம்பில் நீர்வடிகால் அடைத்துக்கொண்டதால் மழைநீர் சுவருக்குள் இறங்கி, மாடியறையின் காரையை ஊறவைத்து, கடைசியில் செங்கல் அடித்தளத்தின் மேல் கிடக்கும் அடிச்சட்டத்தை உளுக்கச் செய்திருக்கிறது என்று ஒரே வரியில் எழுத முடிந்தால், உங்கள் கதைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

ஏனெனில் வேலையின் வரிசையை எழுத்தாளர் தீர்மானிக்க முடியாது. முதலில் கூரையும் நீர்வடிகாலும், அடுத்து அடித்தளமும் உத்தரங்களும், பிறகு மின்கம்பியும் குழாய்களும், அதன்பின் காரை, எல்லாவற்றுக்கும் கடைசியில் வர்ணம். இருபதாவது நிமிடத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே வர்ணம் தேர்ந்தெடுத்துப் பூசிவிட்டு, அறுபதாவது நிமிடத்தில் கூரை ஒழுகுவதைக் கண்டு திடுக்கிடும் வரைவுகளை நான் வாசித்திருக்கிறேன். பழைய வீட்டில் குடியிருந்த எவரும் அந்த இடத்தில் அலைவரிசையை மாற்றிவிடுவார். சரியான வரிசையைக் கடைப்பிடித்தால் காதலுக்கும் அது உதவுகிறது. கூரை வேலையின்போது ஆட்கள் சூழ இருப்பதால் இருவரும் வேலையைப் பற்றி மட்டுமே பேச முடியும். அடிச்சட்டத்தை மாற்றும்போது வீட்டை முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டியிருப்பதால் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியே ஆகவேண்டும். காரை வேலைக்கு வரும்போது ஆட்கள் குறைந்து, ஓர் அறையில் இருவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களை நெருங்கவைக்கத் தனியாகச் சதி செய்யத் தேவையில்லை.

படத்தின் நடுவில் வைக்கத்தக்க ஒரு காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அக்காலத்து ஜன்னல்களில் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழுமாக நகரும். சட்டத்தின் இரு பக்கமும் கட்டிய பருத்திக் கயிறு, ஜன்னல் நிலையின் உச்சியிலுள்ள கப்பியில் ஏறி மறுபக்கம் இறங்கி, நிலைக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய பொந்துக்குள் ஒரு வார்ப்பிரும்புக் குண்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேல்சட்டத்தின் குண்டுகள் சட்டத்தைவிடச் சற்றுக் கனமாகவும், கீழ்ச்சட்டத்தின் குண்டுகள் சற்று லேசாகவும் இருப்பதால், இரண்டும் மூடியபடியே நிற்கும். நம் கதையின் வீட்டில் அடுக்கடுக்காகப் பூசிய வர்ணம் சட்டத்தை நிலையோடு ஒட்டிவிட்டது. உள்ளே கயிறும் அறுந்துகிடக்கிறது. அவள் மெல்லிய கத்தியால் இடுக்கு நெடுகக் கீறுகிறாள். அவன் உள்தடுப்புப் பட்டியை உடையாமல் நெம்பி எடுத்துச் சட்டத்தை வெளியே வாங்குகிறான். புதுக் கயிறு கோர்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஏணியில் நின்று, நூலில் கட்டிய சிறு ஆணியைக் கப்பி வழியாகப் பொந்துக்குள் இறக்க, மற்றவர் கீழே மண்டியிட்டு, நிலையின் அடியிலுள்ள சிறு மூடியைத் திறந்து கையைவிட்டு அதைப் பிடிக்க வேண்டும். ஏணியில் அவன், கீழே அவள்.

“ஆணி வருகிறதா?”

“சத்தம் கேட்கிறது. கைக்கு எட்டவில்லை.”

“உன் கை சின்னதுதானே, இன்னும் உள்ளே விடு.”

“என் கை எவ்வளவு என்று இன்னும் ஞாபகம் இருக்கிறதா?”

அவன் பதில் சொல்லாமல் நூலை இன்னும் ஓரங்குலம் இறக்குகிறான். காட்சியை அங்கேயே வெட்டிவிடுங்கள். “நாமும் இந்த ஜன்னலைப் போலத்தான் அடைந்துகிடந்தோம்” என்பது போன்ற வசனம் எழுதக் கை அரிக்கும், எழுதினால் அடித்துவிடுங்கள். வேலையைப் பற்றி மட்டும் பேசும் இருவர் எதைப் பேசாமல் இருக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர் தாமே கண்டுகொள்வார்.

அவன் கைத்திறன் உள்ளவன் என்பதை ஊரார் புகழ்ந்து பேசிக் காட்டக் கூடாது. ஒரு முடிவின் மூலம் காட்ட வேண்டும். இதற்கு அடித்தளச் செங்கல் நல்ல இடம். பழைய சூளைச் செங்கல் மென்மையானது. அதற்கிடையே சுண்ணாம்புச் சாந்துதான் இருந்திருக்கும். உதிர்ந்த இடுக்குகளில் சிமெண்டை அடைத்தால், அது செங்கல்லைவிடக் கடினமாக இறுகி ஈரத்தை வெளியேவிடாது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது சாந்துக்குப் பதிலாகச் செங்கல்லின் முகம் பெயர்ந்து விழும். செட்டிநாட்டு வீட்டின் சுண்ணாம்புக் காரைமேல் சிமெண்டு ஒட்டுப்போட்டு வருந்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவசரத்தில் இருக்கும் அவள் சிமெண்டு மூட்டையை வாங்கிவர, அவன் அதைத் தொடாமல் வண்டியிலேயே திருப்பி வைக்கிறான். அவர்களின் முதல் உண்மையான சண்டைக்கு அது போதும். அவள் கேட்பது வேகம். அவனுக்கு வேண்டியது அடுத்த நூறு ஆண்டுகள். அவர்கள் முன்பு பிரிந்ததும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான் என்று நீங்கள் அமைத்துவிட்டால், பழங்கதையைச் சொல்ல நினைவோட்டக் காட்சியே வேண்டாம்.

பிரிவின் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிடைக்காத கடிதம், பாதி கேட்ட தொலைபேசி உரையாடல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்திருக்கும் பிணக்குக்காக 12 ஆண்டுகள் பிரிந்திருந்தவர்கள்மேல் பரிவு வருவதில்லை. அவளுக்குப் படிப்புக்கு இடம் கிடைத்தது, அவனுக்கு நோயுற்ற தந்தையையும் பட்டறையையும் விட்டுப்போக முடியவில்லை என்பது போல, இருவர் பக்கமும் நியாயம் இருக்கட்டும்.

பெரும்பாலான வரைவுகள் தடுக்கி விழும் இடம் சட்டவிதிகள். வீட்டை இடித்துக் கடைத்தொகுதி கட்ட வரும் செல்வந்தர் ஒருவரை வில்லனாக்கி, வீடு தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருப்பது தெரிந்ததும் அவர் தோற்று ஓடுவதாக முடிப்பார்கள். 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்த அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பது ஒரு மதிப்பே ஒழிய, தன் சொந்தப் பணத்தில் தன் வீட்டை இடிக்கும் தனியாரை அது மட்டுமே தடுத்துவிடாது. தடுக்கும் அதிகாரம் உள்ளூர் விதிகளுக்குத்தான் உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இலேயே பழைய பகுதிக்கென அத்தகைய விதியை இயற்றி முன்னோடியாயிற்று. ஆகவே உங்கள் சிற்றூரில் அந்த விதி உண்டா இல்லையா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கதைக்கு இன்னும் நல்லது. ஜார்ஜியாவின் சவானாவில் 1954இல் பழைய சந்தைக் கட்டடம் இடிபட்ட பிறகு, மறு ஆண்டு ஏழு பெண்கள் சேர்ந்து நிதி திரட்டி டேவன்போர்ட் இல்லத்தை வாங்கிக் காப்பாற்றினார்கள். உங்கள் ஊர்க்காரர்களும் தேவாலயக் கூடத்தில் அப்படிக் கூடலாம்.

பணக்கணக்கும் கதைக்கு உதவும். வரலாற்றுக் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் தகுதியுள்ள செலவில் 20 விழுக்காட்டைக் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வருமானம் தரும் கட்டடத்துக்கே அந்தச் சலுகை, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. விற்கவந்தவள் வீட்டைத் தங்கும் விடுதியாக்க நினைப்பதற்கு, பாட்டியின் நாட்குறிப்பைப் படித்து மனம் மாறுவதைவிட இது நம்பத்தக்க காரணம்.

அவனுக்கு ஒரு சிறு மகள் இருப்பது இவ்வகையில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. அப்படியானால் அந்தச் சிறுமியை அருகில் வைத்துக்கொண்டு பழைய வர்ணத்தைத் தேய்த்துத் தூசி பறக்கவிடும் குறும்புக் காட்சியை எழுதாதீர்கள். குழந்தைகளுக்கு நஞ்சாகும் ஈயம் கலந்த வீட்டு வர்ணம் அமெரிக்காவில் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. 2010 முதல், அந்தத் தடைக்கு முன் கட்டிய வீட்டில் கூலிக்கு வேலை செய்பவர் சான்றிதழ் பெற்று, தூசி பரவாமல் தடுப்புக் கட்டியே வேலை செய்ய வேண்டும். அவன் கதவில் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிட்டு மகளை வெளியே அனுப்புவது, பத்து வரி வசனத்தைவிட அவனை நல்ல தந்தையாகக் காட்டும்.

இனி வடிவம். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகக் கதைக்கு ஏறத்தாழ 85 நிமிடங்கள் கிடைக்கும். அது பெரும்பாலும் ஒன்பது பகுதிகளாகப் பிரியும், முதல் பகுதி மற்றவற்றைவிட நீளமானது. ஒவ்வோர் இடைவேளைக்கும் முன் வீட்டில் ஏதாவது திறக்கட்டும், அல்லது உடையட்டும்: பெயர்த்த பலகைக்குப் பின்னால் பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பி, சுவர்க் காகிதத்தின் ஐந்தாவது அடுக்கு, உளுத்த உத்தரம். இப்படங்கள் பெரும்பாலும் கனடாவில் ஏறத்தாழ 15 நாட்களில் எடுக்கப்படுவதால், கூடம், சமையலறை, தாழ்வாரம் என்று மூன்று இடங்களுக்குமேல் புதுப்பிக்காதீர்கள். நல்ல நிலையிலுள்ள வாடகை வீட்டைப் பாழடைந்ததாகக் காட்டிப் பிறகு பழையபடி மாற்றவேண்டிய கலை இயக்குநர் உங்களுக்கு நன்றி சொல்வார். ஓராண்டு வேலையை நான்கு வாரத்தில் முடிப்பதாகச் சொல்வதைவிட, ஊர்த் திருவிழாவுக்குள் முன்தாழ்வாரமும் கூடமும் மட்டும் ஆகவேண்டும் என்று குறுக்கிக்கொள்வது நேர்மையானது.

முத்தம் கடைசிப் பகுதியில்தான். அந்த மரபோடு சண்டை போடாதீர்கள். ஆனால் வீட்டை முழுதாக முடித்துவிடாதீர்கள். கீழ்க்கூடத்தில் விளக்குகள் எரிய, திருவிழாக் கூட்டம் கலைந்தபின் இருவரும் மாடிக்கு ஏறட்டும். அங்கே வர்ணத்தில் ஒட்டிய ஜன்னல் ஒன்று இன்னும் திறக்காமல் இருக்கிறது. அவள் கத்தியைத் தேடுகிறாள். அவன் ஏணியைக் கொண்டுவருகிறான்.