பெருந்தொற்று நேரத்தில் எமர்ஜென்சிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெரிய தவறிலிருந்தே தொடங்குகிறேன்: போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருப்பது. கொரோனா வந்த 2020இல், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைவு என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. சளிக்கும் சுளுக்குக்கும் ஓடி வருகிறவர்கள் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே தேசிய அவசரநிலை அறிவித்த பிறகான பத்து வாரங்களில் மாரடைப்புக்காக வந்தவர்களும் 23 சதவீதம் குறைந்தார்கள், பக்கவாதத்துக்காக வந்தவர்கள் 20 சதவீதம். ரத்தக்குழாயில் அடைப்பு வருவது என்ன திடீரென்று நின்றா போயிருக்கும்? பலர் ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில், வாயுவாகத்தான் இருக்கும் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் "விடியட்டும் பார்க்கலாம்" என்பதற்கு இடமே இல்லை. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

இதற்கு நேர்மாறான தவறு, லேசான காய்ச்சலுக்குப் பரிசோதனை செய்துகொள்ளவோ சான்றிதழ் வாங்கவோ எமர்ஜென்சி வாசலில் போய் நிற்பது. நோய் இல்லாமல் போய் நோயோடு திரும்பவும் வாய்ப்பு உண்டு.

சரி, போய்விட்டீர்கள். முன்னால் வந்தவருக்குத்தானே முதலில் பார்க்க வேண்டும் என்று சண்டை போடாதீர்கள் (நானும் அந்தக் கவுன்டரில் நின்று முணுமுணுத்தவன்தான்). ட்ரையாஜ் என்பது யாரால் காத்திருக்க முடியாது என்று பிரிப்பது, டோக்கன் வரிசை அல்ல. பல நாடுகளில் பயன்படும் மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்: சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு பத்து நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரம், பச்சை இரண்டு, நீலம் நான்கு. ஆம்புலன்ஸில் வந்திறங்கினால் முதலில் பார்ப்பார்கள் என்பதும் தப்புக் கணக்கு. வந்து இறங்கியபின் அவருக்கும் அதே நிறங்கள்தான்.

எனக்கு அதிகம் கோபம் வருவது மறைக்கிற விஷயத்தில். காய்ச்சல் என்று சொன்னால் தனி வார்டில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஒரு பாராசிட்டமாலைப் போட்டுச் சூட்டை இறக்கிக்கொண்டு, "வயிற்றுவலி மட்டும்தான்" என்று சொல்லி உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கட்டிலில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் ஒருவர் படுத்திருக்கலாம், நர்ஸும் அதற்கேற்ற கவச உடை போடாமல் உங்களைத் தொட்டிருப்பார். மாத்திரை போட்டது தப்பில்லை. எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், வீட்டில் யாருக்காவது தொற்று இருந்தால் அதையும் சேர்த்து.

அப்புறம் ஆக்சிமீட்டர், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி. கொரோனாவில் ஆக்சிஜன் அளவு இறங்கியும் மூச்சுத் திணறல் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்களை மருத்துவர்கள் நிறையப் பார்த்தார்கள், அதனால் கருவி நல்லதுதான். ஆனால் கை சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும். இன்னொன்று நம்மில் பலருக்கு முக்கியம்: கருமையான தோலில் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு அதிகம். ஆகவே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காமல் அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ கருவி என்ன காட்டினாலும் கிளம்பிவிடுங்கள். முதல் வாரம் நன்றாக இருந்துவிட்டு அதன் பிறகு மோசமானவர்களும் நிறைய.

நிறம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தவறு. வலி கூடினால், தலை சுற்றினால் எழுந்து போய்ச் சொல்லுங்கள், மறுபடி பார்த்து நிறத்தை மாற்றுவார்கள். கேட்காமல் எதையும் சாப்பிடாதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். பொறுமை போய்க் கிளம்புவதானாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

துணைக்கு ஒருவர் போதும், அவரையும் வாசலிலேயே நிறுத்திவிட வாய்ப்பு அதிகம். அதனால் சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, வீட்டு போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப்பையிலேயே வைத்துவிடுங்கள். பெரியவர்களாக இருந்தால் கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காதீர்கள். டாக்டர் மாஸ்க் போட்டிருப்பார், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.