மழைக்காலத்தில் ஆட்டின் ரத்தம் குடிக்கும் புழு: பட்டியில் பரவவிடாமல் தடுப்பது எப்படி

போன ஐப்பசி அடைமழையில் என் பட்டியில் ஒரு தாயாடு செத்துப்போனது. குட்டி போட்டு இருபது நாள்தான். கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. முதல் நாள் சாயங்காலம் வரை மேய்ந்தது. தாடைக்கு அடியில் மட்டும் நீர் கோத்த பை மாதிரி ஒரு வீக்கம். மருத்துவர் நான்காவது இரைப்பையைத் திறந்து காட்டினார். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல, ஓர் அங்குல நீளத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் கருப்பை. பெயர் ஹீமாங்கஸ். கழிந்தால்தான் புழு என்று அதுவரை நம்பியிருந்தேன். இந்தப் புழுவுக்குக் கழிச்சலே வராமல் போகலாம்.

முதலில் அது வரும் வழியைப் பிடியுங்கள். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்துக்கு வந்து, பனி ஈரம் படிந்த புல்லில் ஏறிக்கொள்ளும். ஆடு புல்லோடு விழுங்கினால் மூன்று வாரத்தில் அந்தக் குஞ்சுப் புழுவும் வளர்ந்து முட்டையிடும். சித்திரை வெயில் குஞ்சுப் புழுவைக் கொன்றுவிடும்; கார்த்திகை ஈரம் வளர்க்கும்.

அதனால் மழைக்காலத்தில் பனி காய்ந்த பிறகே பட்டியைத் திறங்கள். குஞ்சுப் புழு பெரும்பாலும் புல்லின் அடியில், நாலு விரல் உயரத்துக்குள்தான் இருக்கும். மொட்டையாக மேய்ந்த தரையில் மறுபடி விடாதீர்கள். அகத்தி, சூபாபுல், வேலிமசால் தழைகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். எட்டிக் கடிக்கும் வாய்க்குப் புழு எட்டாது. தீவனத்தைத் தரையில் கொட்டவே கூடாது. புழுக்கையை அன்றாடம் கூட்டிக் குப்பைக்குழியில் போட்டு மக்கவிடுங்கள். அந்தச் சூட்டில் முட்டை சாகும்.

அடுத்தது கண். புழு ரத்தத்தைக் குடிக்கக் குடிக்க இமையின் உள்பக்கம் வெளுக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் பயமில்லை. ரோஜா நிறத்துக்கு வெளுத்தால் மருந்து கொடுக்கும் நேரம். காகிதம் மாதிரி வெள்ளை என்றால் அன்றைக்கே மருத்துவர். வெளுப்பைப் படிப்படியாக அளக்கும் வண்ண அட்டையைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் உருவாக்கினார்கள். ஃபமாச்சா என்று பெயர். ஈன்ற ஆட்டையும் குட்டிகளையும் தவறாமல் பாருங்கள். ஈனும் சமயத்தில் தாயின் புழுக்கையில் முட்டை ஏறும். குட்டிக்கு அங்கிருந்துதான் வருகிறது.

மருந்தை எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அரைகுறை அளவு அதைவிட மோசம். தப்பிப் பிழைக்கும் புழு, மருந்துக்குச் சாகாத பரம்பரையைப் பெருக்கும். கண் வெளுத்ததற்கு மட்டும், எடை போட்டு, மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். தலையை அண்ணாக்கப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சினைபிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து வேண்டாம்.

சந்தையில் வாங்கிய ஆட்டைப் பட்டியில் சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து, அன்று காலை போட்ட பத்துப் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை இல்லை என்றால் அவிழ்த்துவிடலாம்.