நிற்பவரை மறந்து கட்டிய பலகை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் காலாங் படுகை ஓரத்தில் இளைஞர் ஒருவர் தம் கையால் கட்டிய துடுப்புப் பலகையை, அதாவது மேலே நின்றபடி துடுப்பு வலித்துச் செலுத்தும் பலகையை, நீரில் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளம் 18 அடி, அகலம் 48 சென்டிமீட்டர். அணியம், அதாவது முன்முனை, கூராக ஒடுங்கியிருந்தது. கார்பன் இழைத் துணி எங்கும் சுருக்கமின்றிப் படிந்திருந்தது. மூன்று முறை ஏறி நின்றார். மூன்று முறையும் விழுந்தார். கரையேறி என்னிடம் வந்து, “பழகப் பழகச் சரியாகிவிடும் அல்லவா, அண்ணா?” என்று கேட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே அளவுகளில் ஒரு பலகையைக் கட்டி, அதே கேள்வியை என்னையே கேட்டு, ‘ஆம்’ என்று தவறான விடையையும் சொல்லிக்கொண்டவன் நான்.

உயிர்காப்பு அங்கியையும் கால் கயிற்றையும் மறப்பது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்வார்கள். அலையில்லாத நீரில் வேகமாகச் செல்ல வேண்டும் என்று நீளமான பலகையைச் சொந்தமாக வடிவமைக்க முனைபவர்கள், பணத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் எங்கே இழக்கிறார்கள் என்பதே என் அக்கறை.

தம் வேகத்தை அறியாமல் நீளத்தைக் கூட்டுதல்

பலகை நீரைப் பிளந்து செல்லும்போது அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அது பலகையின் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் அளந்த நீளத்தை, எட்டும்போது, பலகை தானே எழுப்பிய அலையின் சரிவில் ஏற முயல்வதுபோல் ஆகிவிடும். வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றில் மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்து, இந்த எதிர்ப்பை அளக்கும் முறையை வகுத்தார். அந்த வழியில் வந்த எளிய கணக்குப்படி, 14 அடி நீர்க்கோட்டுக்கு இந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 9.3 கிலோமீட்டர், 18 அடிக்கு 10.5. ஒடுக்கமான பலகைகள் இதைத் தாண்டவும் கூடும். ஆனால் நெருங்க நெருங்கத் தேவைப்படும் உழைப்பு மிக விரைவாக ஏறும்.

இதைப் படித்தவுடன் நீளத்தைக் கூட்டத் தோன்றும். ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து துடுப்பு வலிக்கையில் உங்கள் சராசரி வேகம் 6.5 கிலோமீட்டர் என்றால், அந்த வேகத்தில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் அலையன்று, நீர் பலகையின் மேற்பரப்பில் உரசும் உராய்வே. அதே எடைக்கு 14 அடியை 18 அடியாக நீட்டினால் நனையும் பரப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். மெதுவாகச் செல்பவருக்கு நீளம் சுமையாவது இதனால்தான். எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கக்கூடியவருக்கே கூடுதல் நீளம் பயன்தரத் தொடங்கும். முதலில் ஒரு மாதம், இருக்கும் பலகையில் உங்கள் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள்.

நீளம் தந்ததைவிட அதிகமாக அகலத்தில் எடுத்துக்கொள்ளுதல்

இதுதான் என் ஐந்து மாத வார இறுதிகளையும் 3,800 வெள்ளியையும் விழுங்கிய தவறு. இன்னும் என்னை எரிச்சலூட்டுவதும் இதுவே, ஏனெனில் கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் கணக்குப் போட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும்.

தவறு தொடங்குவது கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைப் பார்ப்பதில். பந்தயத்தில் ஒருவர் செலுத்தும் கயாக் 5.2 மீட்டர் வரை நீளமும் பலகையைவிட மிகக் குறைந்த அகலமும் கொண்டு சீறிப் பாய்வதைக் கண்டதும், நம் பலகையும் ஏன் அப்படி ஒடுங்கக் கூடாது என்ற எண்ணம் வருகிறது. கயாக்கில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஈர்ப்பு மையம் இருக்கையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. நாமோ நிற்கிறோம். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நிற்கையில் அவருடைய ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. இரண்டும் ஒரே நீரில் மிதக்கின்றன என்பதைத் தவிர, சாயாமல் நிற்கும் நிலைப்பைப் பொறுத்தவரை இவற்றுக்குள் ஒப்பீடே கிடையாது.

பலகை பக்கவாட்டில் சாயாமல் எதிர்க்கும் திறன் நீர்க்கோட்டு நீளத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஆனால் நீர்க்கோட்டு அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடவும் குறையவும் செய்கிறது. 14 அடியிலிருந்து 18 அடிக்குப் போனதால் எனக்குக் கிடைத்தது 29 விழுக்காடு. 60 சென்டிமீட்டரை 48 ஆகக் குறைத்ததால் நான் இழந்தது 49 விழுக்காடு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், பழைய பலகையின் நிலைப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சுகிறது. நிலைப்பு மாறாமல் இருக்க வேண்டுமானால் 18 அடிப் பலகையை 55 சென்டிமீட்டர் வரைதான் ஒடுக்கலாம். நீளம் நமக்குக் கொடுத்தது அந்த 5 சென்டிமீட்டர் மட்டுமே. நான் எடுத்துக்கொண்டது 12.

இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. கடையில் சொல்லப்படும் அகலம் பலகையின் மேல்தளத்தில் அளந்தது. நிலைப்பைத் தீர்மானிப்பது நீரைத் தொடும் இடத்தில் உள்ள அகலம். பக்கங்கள் மேல்நோக்கி விரியும் பலகைகளில் இவ்விரண்டுக்கும் சில சென்டிமீட்டர் வேறுபாடு இருக்கும், மும்மடிக் கணக்கில் அது பெரிய தொகையாகிவிடும்.

என்னை ஏமாற்றியது முதல் நாள் சோதனைதான். 200 மீட்டர் தூரத்தை, களைப்பில்லாத கால்களோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு 9.6 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தேன். வெற்றி என்று நம்பினேன். மறுவாரம் 5 கிலோமீட்டர் சென்றபோது சராசரி 7.1. என் பழைய 14 அடிப் பலகையில் அதே பாதையில் 7.9 வந்துகொண்டிருந்தது. பலகையில் குறையில்லை, கால்கள்தான் போதவில்லை என்று முடிவு செய்து நான்கு மாதங்கள் பயின்றேன். 7.6 வரை வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. தள்ளாடும் பலகையில் நிற்பவர் முன்னே எட்டித் துடுப்பைப் பதிக்க அஞ்சுவார், வீச்சு குறுகும், பத்து வலிப்புகளில் இரண்டு, நீரை அறைந்து விழாமல் தப்புவதற்கே செலவாகும். நீரின் எதிர்ப்பில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தொடைகளும் கணுக்கால்களும் செலவழித்துவிட்டன.

இறுதியில் அந்தப் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 7 சென்டிமீட்டர் நுரைப்பட்டை வைத்து மீண்டும் ஒட்டினேன். எடை இரண்டரைக் கிலோ கூடியது. 5 கிலோமீட்டர் சராசரி 8.2 ஆனது. முதலிலேயே 55 சென்டிமீட்டரில் கட்டியிருந்தால் அந்த இரண்டரைக் கிலோவும் தேவைப்பட்டிருக்காது.

எதையும் அறுக்காமல் இதை முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நிலைப்பைப் பொறுத்தவரை, பலகையை ஒடுக்குவதும் நிற்பவரை உயர்த்துவதும் ஒரே விளைவைத் தருகின்றன. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, 14 அடி நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையிலிருந்து 18 அடி நீளமும் 48 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகைக்கு மாறுவது, என் கணக்குப்படி, பழைய பலகையின் மேல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரமான மேடை போட்டு நிற்பதற்குச் சமம். கெட்டியான நுரைக்கட்டியை அந்த உயரத்துக்கு வெட்டி, பட்டையால் இறுகக் கட்டி, அதன்மேல் நின்று 5 கிலோமீட்டர் சென்று பாருங்கள். 200 மீட்டர் போதாது. அந்த இளைஞரிடமும் இதையே சொன்னேன். பழைய பலகையின் மேல் நுரையைக் கட்டி, 10 சென்டிமீட்டரிலேயே தம் எல்லை வந்துவிட்டதாகப் பிறகு தெரிவித்தார். இதே காரணத்தால்தான் சில பந்தயப் பலகைகளில் நிற்கும் இடத்தைக் குழியாகத் தாழ்த்துகிறார்கள். 8 சென்டிமீட்டர் கீழே நிற்க முடிந்தாலும் அது பெரிய ஆதாயம். ஆனால் குழிக்கு வடிகால் துளைகள் வேண்டும். தேங்கும் நீர் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை இன்னும் பெரிதாக்கும்.

கரையோரத்தில் வேகம் அளத்தல்

ஆழமில்லாத நீர் பலகையைப் பிடித்து இழுக்கும். அலை செல்லக்கூடிய உச்ச வேகத்தை அங்கே ஆழமே கட்டுப்படுத்துகிறது. 1 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 11.3 கிலோமீட்டர், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் 8.7. அந்த வேகத்தை நெருங்கும்போதே எதிர்ப்பு ஏறத் தொடங்கும் என்பதால், கரையை ஒட்டிச் சோதித்த நல்ல பலகை மட்டமாகவும், நடுவில் சோதித்த மட்டமான பலகை நல்லதாகவும் தோன்றிவிடும். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு கடலின் ஏற்றவற்றம் காலாங் படுகைக்குள் வருவதில்லை. ஈஸ்ட் கோஸ்ட் கடலோடு ஒப்பிட்டால், அளந்து பார்ப்பதற்கு இது பெரிய வசதி. இருந்தாலும் காற்று உண்டு. பொழுது விடிந்தவுடன், ஆழமான பகுதியில், ஒரே பாதையில் போகவும் வரவும் அளந்து சராசரி எடுங்கள்.

ஒரே முறையில் மூன்றை மாற்றுதல்

புதிய பலகை, புதிய துடுப்பு, பலகையின் அடியில் பொருத்தும் புதிய செதில் என்று மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், கூடிய வேகம் எதனால் வந்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அமரத்தை அகலமாக நறுக்குதல்

நீருக்குள் அமிழ்ந்த அகலமான அமரம், அதாவது பின்முனை, பின்னால் சுழலை இழுத்துக்கொண்டே வரும். குமிழிகள் பலகையைத் தொடர்ந்து வந்தால், முதலில் ஓர் அடி முன்னே நகர்ந்து நின்று பாருங்கள். அப்போதும் குமிழிகள் மறையாவிட்டால் வடிவத்தில் பிழை இருக்கிறது.

ஈரப்பதத்தில் எபாக்சி பூசுதல்

நம் ஊர் ஈரக்காற்றில், இழைத் துணியைப் படியவைக்கும் பிசின்களான எபாக்சிகள் பலவும் இறுகும்போது மேலே மெழுகு போன்ற படலம் உருவாகும். அடுத்த பூச்சுக்கு முன் நீரால் கழுவித் தேய்த்து அதை நீக்காவிட்டால் பூச்சு உரிந்து வரும். வெப்பத்தில் கலவை விரைவாக இறுகுவதால், சிறு சிறு அளவாகக் கலந்து பயன்படுத்துங்கள்.

கறுப்புப் பலகையை வெயிலில் விடுதல்

உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தோல் நுரையிலிருந்து பிரியும். அந்தக் காற்றை வெளியேற விடும் காற்றுத் திருகாணி கட்டாயம் வேண்டும்.

வைக்க இடம் தேடாமல் தொடங்குதல்

18 அடி என்பது ஏறத்தாழ 5.5 மீட்டர். அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்தூக்கிக்குள் நுழையாது; படிக்கட்டுத் திருப்பத்திலும் திரும்பாது. முதல் நுரைக்கட்டியை வாங்குவதற்கு முன் நீர்நிலைக்கு அருகில் ஓர் இடத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.