கண்ணாடி முன் தீர்ந்த குழப்பம்

முகத் தசைப் படத்தில் பெயர்களை மறைத்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சைகோமேட்டிகஸ் மேஜரையும் ரைசோரியஸையும் ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதினேன். அப்புறம் படத்தை மூடிவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்தேன். சிரித்தால் வாயோரம் மேலே ஏறுகிறது, அது சைகோமேட்டிகஸ். பக்கவாட்டில் மட்டும் இழுத்தால் ரைசோரியஸ்.

புருவத்தை உயர்த்தி நெற்றியில் கை வைத்தேன். ஃப்ரன்டாலிஸ் சுருங்குவது தெரிந்தது. இது எலும்பில் ஒட்டுவதே இல்லை. உச்சந்தலையில் விரிந்திருக்கும் தட்டையான தசைநார் வழியாகப் பின்தலையின் ஆக்ஸிபிடாலிஸோடு சேர்கிறது. எவ்வளவு அழகான அமைப்பு!

நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பல்லைக் கடித்தால் புடைப்பது டெம்போராலிஸ். கன்னத்தின் பின்பக்கம் இருக்கும் மாஸிட்டரைப் போல இதுவும் மெல்லும் தசை, 5ஆம் கபால நரம்பு இயக்குவது. முகபாவத் தசைகளுக்கு 7ஆம் நரம்பு. இந்தப் பிரிவு பிடிபட்ட பிறகு நான் பெயர்களை மாற்றி எழுதவில்லை.