துருக்கி இரவுக்குப் போகிறீர்களா? மேசையை முன்கூட்டியே கேளுங்கள்

துருக்கியின் கப்படோக்கியா பகுதிக்குப் போகிறவர்கள் பலரும் ஒரு மாலையை, ஆட்டமும் இசையும் விருந்தும் சேர்ந்த 'துருக்கி இரவு'க்கு ஒதுக்குவார்கள். பாறையைக் குடைந்த மண்டபம், நடுவில் ஆடுகளம், சுற்றிலும் சாப்பாட்டு மேசைகள். பதிவு செய்யும்போதே ஆடுகளம் நேராகத் தெரியும் மேசையாகக் கேளுங்கள். தூணுக்குப் பின்னால் மாட்டினால் பாதி ஆட்டம் போச்சு.

அங்கே ஒலிக்கும் சுர்னா நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். கூடவே தாவுல் மேளம்: ஒரு பக்கம் தடித்த கோல், மறுபக்கம் மெல்லிய குச்சி. மூடிய மண்டபத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் நெஞ்சே அதிரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் சற்றுத் தள்ளி உட்காருவது நல்லது.

சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். 'எத்' என்றால் இறைச்சி. ஆனால் பேச்சில் பெரும்பாலும் ஆடு, மாட்டு இறைச்சியைத்தான் நினைப்பார்கள். "எத், தவுக், பாலிக் யெமியோரும்" என்றால் கோழி, மீன் உட்பட எதுவும் சாப்பிடமாட்டேன் என்று புரியும். பிலாவ் சோறு இறைச்சிச் சாற்றில் வெந்ததா என்றும் கேளுங்கள். முதலில் வரும் மெஸ்ஸே தட்டுகளில் தயிர், கத்தரிக்காய் வகைகள் இருக்கும், அதிலேயே வயிறு நிறையும்.

ஹாலாய் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் எழுந்திருங்கள். சுண்டுவிரல்களைக் கோத்து வரிசையாக ஆடுவது, பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் தர்வேஷ்கள் எனும் சூஃபி அடியார்கள் சுழன்று ஆடும் செமா நடந்தால் கைதட்ட வேண்டாம், அது மெவ்லவி என்ற சூஃபி மரபினரின் வழிபாடு.

மறுநாள் விடியலில் பலூன் பயணம் இருந்தால், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.