ஆழ்நிலத்தடி ஆய்வகம் அமைக்கத் திட்டமிடுவது எப்படி

நிலத்துக்கு அடியில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு புவியியல் ஆய்வகம் அமைக்கத் திட்டமிடுவோர் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கேட்பது, எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியவை பல இருக்கின்றன. பாறையை எந்த நிலையில் அறிய விரும்புகிறோம் என்பதே அவற்றில் தலையாயது. சுரங்கம் வெட்டத் தொடங்கும் நாளிலேயே பாறையின் இயல்பு நிலை கலைந்துவிடும். வெட்டிய இடத்தைச் சுற்றித் தகைவு, அதாவது பாறையை உள்ளிருந்து நெருக்கும் விசை, இடம் மாறும். நிலத்தடி நீர் சுரங்கத்தை நோக்கி ஓடத் தொடங்கும். மிக நெடுங்காலமாகக் காற்றே படாதிருந்த கனிமங்களின் மீது ஆக்சிசன் படும். கலைந்ததைப் பழையபடி ஆக்க வழியில்லை என்பதால், திட்டத்தின் முதல் செலவை வெட்டுவதற்கு ஒதுக்காமல், வெட்டுவதற்கு முன் அளப்பதற்கு ஒதுக்க வேண்டும்.

கேள்விக்கு ஏற்ற பாறை

எந்தப் பாறை வேண்டும் என்பதை ஆய்வுக் கேள்வியே சொல்லிவிடும். அணுக்கழிவை ஆழத்தில் அடக்குவது பற்றிய ஆய்வுகளில் சுவிட்சர்லாந்தின் கிரிம்செல், சுவீடனின் ஆஸ்போ ஆகியவை கிரானைட் வகைப் பாறையையும், சுவிட்சர்லாந்தின் மோன்ட் டெர்ரி, பிரான்சின் பியூர், பெல்ஜியத்தின் மோல் ஆகியவை களிமண் அடுக்குகளையும் தேர்ந்தெடுத்தன. கிரானைட்டில் நீர் ஓடுவது பிளவுகளின் வழியாகத்தான். அங்கே திட்டமிடுபவரின் வேலையில் பாதி, எந்தப் பிளவு எந்தப் பிளவோடு சேர்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். களிமண் பாறையில் நீர் ஏறத்தாழ நகர்வதே இல்லை. கரைந்த பொருள்கள் மிக மெதுவாகப் பரவும். ஆனால் அந்தப் பாறை காற்றோட்டத்தில் காய்ந்து வெடிக்கும், ஈரம் பட்டால் வீங்கும். ஆகவே களிமண் ஆய்வகத்தில் காற்றின் ஈரப்பதம் அங்கு வேலை செய்பவர்களின் வசதியைப் பொறுத்த விஷயமாக மட்டும் நின்றுவிடாது. அதுவே ஆய்வின் ஓர் அளவுருவாகிவிடும். உப்புப் பாறையோ மெல்ல மெல்ல ஊர்ந்து, வெட்டிய அறையைத் தானே மூடிக்கொள்ளும். அங்கே சுவரில் பொருத்தும் எந்தக் கருவியும் சுவரோடு சேர்ந்து நகரும் என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும்.

நிலநடுக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதே கேள்வியானால் கணக்கு வேறு. தென்னாப்பிரிக்காவில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமான தங்கச் சுரங்கங்களில் தோண்டும் வேலையே சிறு நடுக்கங்களைத் தூண்டுவதால், அவை பிறக்கும் இடத்துக்கு மிக அருகில் கருவிகளை வைக்க முடிந்தது. கலையாத பாறையைத் தேடுபவருக்குக் குறையாகத் தெரியும் இடம், இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடமாகிவிடுகிறது.

பழைய குழியா, புதிய குழியா

ஏற்கெனவே இருக்கும் சுரங்கத்தில் ஒட்டிக்கொள்வது செலவு குறைந்த வழி. கிரிம்செல் ஆய்வகம் 1984-இல் நீர்மின் நிலையத்துக்கான அணுகு சுரங்கத்தை ஒட்டித் தொடங்கியது. மோன்ட் டெர்ரி 1996-இல் நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பாதுகாப்புப் பாதையிலிருந்து கிளைத்தது. பிரான்சின் ருஸ்ட்ரெலில் உள்ள குறைந்த இரைச்சல் ஆய்வகம் ஒரு காலத்தில் அணு ஏவுகணைகளை ஏவும் கட்டுப்பாட்டு மையமாக இருந்தது. இவற்றில் வாயிலும் பாதையும் மின்சாரமும் முன்பே இருந்தன என்பது பெரிய வசதி.

ஆனால் வேறொருவரின் வீட்டில் குடியிருப்பதன் சிக்கல்களும் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 2002-இல் மூடப்பட்டது. 2003-இல் நீரிறைக்கும் பம்புகள் நிறுத்தப்பட்டன. அதை ஆய்வகமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே நீர் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. 2008-இல் மீண்டும் இறைக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டில்தான் சுமார் 1,480 மீட்டர் ஆழத்திலுள்ள தளம் வெளியே வந்தது. இதிலிருந்து திட்ட ஆவணத்தில் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு: சுரங்க உரிமையாளர் வெளியேறும் நாளுக்கும் ஆய்வகம் பொறுப்பேற்கும் நாளுக்கும் இடையில் பம்புக்கான மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பது, கையெழுத்துக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

அதே இடத்தில் இயற்பியல், புவியியல், உயிரியல், பொறியியல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் பெருந்திட்டத்துக்கான நிதியைத் தொடர அமெரிக்க தேசிய அறிவியல் வாரியம் 2010 டிசம்பரில் மறுத்தது. ஆய்வகம் பிழைத்துக்கொண்டது, புவிவெப்பத்துக்காகப் பாறையைப் பிளக்கும் சோதனைகளும் பின்னர் அங்கே நடந்தன. ஆனாலும் என் கருத்தில், புவியியல் கண்காணிப்பை வேறு பெரிய திட்டத்தின் ஓரத்தில் ஒண்டவைப்பது ஆபத்தானது. பெரிய திட்டத்தின் நிதி சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது, உடனடி முடிவு எதையும் காட்ட முடியாத கண்காணிப்புப் பணிதான்.

வெட்டுவதற்கு முன்

புதிதாகத் தோண்டுவதென்று முடிவானால், தரைமட்டத்திலிருந்து ஆய்வுத் துளைகளை இட்டு, நிலத்தடி நீரழுத்தத்தையும் நீரின் வேதியியலையும் பல பருவங்களுக்குத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். மழை, காற்றழுத்தம், நிலவும் சூரியனும் புவியை இழுக்கும் ஓத இழுவை ஆகியவை அந்த அழுத்தத்தை எப்படி அசைக்கின்றன என்று முன்பே தெரிந்தால்தான், பின்னர் வரும் அசைவில் சுரங்கத்தின் பங்கைப் பிரித்தறிய முடியும். ஆஸ்போவில் முன்னாய்வு 1986-இல் தொடங்கியது. தோண்டும் பணி 1990-இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், கீழே என்ன பாறை வரும், எவ்வளவு நீர் வரும் என்று கணிப்புகளை எழுதிவைத்து, தோண்டத் தோண்ட அவற்றை உண்மையோடு ஒப்பிட்டார்கள். இதை எந்தத் திட்டமும் பின்பற்றலாம். கணிப்பை முன்கூட்டியே தேதியிட்டு எழுதிவைக்காவிட்டால், கண்டபின் எல்லாமே எதிர்பார்த்ததுதான் என்று தோன்றிவிடும்.

ஒரு துளையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். துளைக்குள் இறக்கப்படும் இரும்புக் குழாயின் மீது, குறிப்பிட்ட இடைவெளிகளில், பேக்கர் எனப்படும் ரப்பர் உறைகள் இருக்கும். அவற்றுக்குள் நீரை ஏற்றினால் அவை உப்பித் துளையின் சுவரை இறுக்கிப் பிடிக்கும். துளை தனித்தனிப் பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் மேலே வந்து பலகையிலுள்ள அழுத்தமானியில் முடியும். பேக்கர் ஒன்று கசிந்தால் பக்கத்துப் பகுதிகள் இரண்டும் ஒரே அழுத்தத்தைக் காட்டத் தொடங்கும். பகுதிகளுக்கிடையே தெளிவான அழுத்த வேறுபாடு இருந்ததை முதல் மாதத்திலேயே குறித்து வைத்திருந்தால் மட்டுமே அந்தக் கசிவு கண்ணில் படும்.

துளையிடும்போது உள்ளே செலுத்தும் கழுவு நீரும் பாறையை மாசுபடுத்தும். அதனால் அந்த நீரில் யுரானின் போன்ற ஒளிரும் சாயத்தைத் தெரிந்த அளவில் கலப்பார்கள். பின்னர் எடுக்கும் மாதிரியில் எவ்வளவு சாயம் இருக்கிறதோ அதைக்கொண்டு, அதில் எவ்வளவு பாறையின் சொந்த நீர், எவ்வளவு நாம் ஊற்றியது என்று கணக்கிடலாம். வெடிமருந்து நைட்ரேட்டை விட்டுச் செல்லும். பிளவுகளை அடைக்கும் சிமெண்டுக் கலவை நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். ஆழ்நுண்ணுயிர் ஆய்வுக்கென ஒதுக்கும் பகுதியில் இவை இரண்டும் எவ்வளவு தூரத்துக்குள் அனுமதிக்கப்படும் என்பதை ஒப்பந்தக்காரருக்கான நிபந்தனைகளிலேயே எழுத வேண்டும். தோண்டத் தொடங்கியபின் வாய்மொழியாகக் கேட்டால், வெளியே வந்து நிற்கும் பாறைக்கு உடனடியாக அடைப்பு வேண்டும் என்ற பதிலே கிடைக்கும். அது நியாயமான பதிலும்கூட.

ஆழமும் திசையும்

மேலிருக்கும் பாறையின் எடையால் வரும் செங்குத்துத் தகைவு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 27 மெகாபாஸ்கல் என்று கொள்ளலாம். ஆனால் கிடைத்திசைத் தகைவை அதிலிருந்து ஊகித்துவிடக் கூடாது. கனடாவின் மனிடோபாவில் இருந்த நிலத்தடி ஆய்வகத்தில், 420 மீட்டர் ஆழத்தில் செங்குத்துத் திசையில் சுமார் 11 மெகாபாஸ்கலே இருந்தபோது, கிடைத்திசையில் ஏறத்தாழ 60 மெகாபாஸ்கல் இருந்தது. அங்கே தகைவின் பாதிப்பு அதிகமாகத் தெரியும்படி வேண்டுமென்றே திசை தேர்ந்து, 3.5 மீட்டர் விட்டத்தில், வெடி வைக்காமலேயே ஒரு சுரங்கம் வெட்டினார்கள். அப்படியும் கூரையிலும் தரையிலும் பாறை செதில் செதிலாக உதிர்ந்து, V வடிவத்தில் பள்ளம் விழுந்தது. பாறை உடைவதைப் பார்ப்பது அந்தச் சோதனையின் நோக்கம் என்பதால் அது வெற்றி. நிலையான அறையை விரும்புபவர் அறையின் நீள் அச்சை வேறு திசையில் திருப்பியிருக்க வேண்டும். ஆகவே தகைவை அளந்து முடிக்கும்வரை வரைபடத்தில் அறைகளின் திசையை உறுதி செய்யாதீர்கள்.

வெப்பம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடும். கனடாவின் சட்பரியில் 2 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள ஆய்வகத்தைச் சூழ்ந்த பாறை சுமார் 42 டிகிரியில் இருக்கிறது. போதாக்குறைக்கு, கீழே அனுப்பும் காற்றும் தன் எடையாலேயே அமுங்கி, உலர்ந்ததாக இருந்தால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி சூடாகும். மேலே பருவம் மாறுவது, தரையின் மிகச் சிறு சாய்வையும் அளக்கக் கீழே வைத்த சாய்வுமானியிலும் தெரிவதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். நுண்ணிய கருவிகளை இரட்டைக் கதவுகளுக்குப் பின்னால், பம்புகளிலிருந்தும் விசிறிகளிலிருந்தும் விலக்கி, தனிக் கிளைச் சுரங்கத்தில் வைப்பது நல்லது.

வாயில்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஒன்றுக்கொன்று சாராத இரண்டு வெளியேறும் வழிகள் இல்லாத திட்டத்தை ஏற்கவே கூடாது. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் சூடன் சுரங்கத்தில் செங்குத்துக் குழியில் தீப்பிடித்தது. 2014-இல் நியூ மெக்சிகோவின் உப்புப் படுகைக் கழிவு நிலையத்தில் உப்பு ஏற்றும் லாரி ஒன்று நிலத்தடியிலேயே எரிந்தது. செங்குத்துக் குழி மட்டுமே உள்ள இடத்தில், ஆட்களையும் பொருள்களையும் ஏற்றியிறக்கும் கூண்டின் உள்ளளவை அளந்தபிறகே கருவிகளை வாங்குங்கள். ஆஸ்போவில் 3.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை சுமார் 460 மீட்டர் ஆழம் வரை வண்டியைக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்டது. அந்த வசதிக்கு விலையாக வெட்டும் பாறையின் அளவும் கலைக்கும் பரப்பும் கூடுகின்றன.

இருபது ஆண்டு தாங்கும் அளவீடு

நீண்டகாலக் கண்காணிப்பில் பாறையை விட முந்திக் களைத்துப்போவது கருவி. கிரிம்செல்லில் 1997-இல் தொடங்கிய ஒரு சோதனையில், பென்டோனைட் களிமண்ணால் சூழப்பட்ட வெப்பமூட்டிகள் 100 டிகிரியில் வைக்கப்பட்டன. ஒன்று 2002-இலும் மற்றொன்று 2015-இலும் பிரித்தெடுக்கப்பட்டன. அப்படிப் புதைத்த உணரியை இடையில் பழுது பார்க்க முடியாது. ஆகவே ஒரே அளவை வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டு உணரிகளால் அளப்பதும், ஒரே வகை உணரிகள் சிலவற்றைக் கையெட்டும் இடத்தில் அதே ஈரத்திலும் வெப்பத்திலும் வைத்து அவ்வப்போது சரிபார்ப்பதும் அவசியம். கம்பிகள் வெளியேறும் வழியே நீர் கசியும் வழியாகவும் மாறும். அவற்றை ஒரே கற்றையாகக் கட்டி வெளியே எடுக்காமல், பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைக்க வேண்டும்.

கம்பிகளில் கட்டும் சீட்டு பெரும்பாலோர் கண்ணில் படாத ஒன்று. உப்பீரக் காற்றில் காகிதச் சீட்டு சில மாதங்களில் கூழாகிவிடும், அச்சிட்ட பிளாஸ்டிக்கில் மை மங்கிவிடும். எண் பொறித்த துருப்பிடிக்காத எஃகு வில்லையைக் கம்பியின் இரு முனைகளிலும் கட்டுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து, கருவியைப் பொருத்தியவர் ஓய்வு பெற்ற பின், எந்தக் கம்பி எந்தத் துளையிலிருந்து வருகிறது என்பதை அந்த வில்லைதான் சொல்லும். அதேபோல, நிலத்தடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது என்பதால், நிலநடுக்கமானிகளுக்கான நேரத்தை மேலிருந்து ஒளியிழை வழியாகக் கொண்டுவரும் செலவையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மூடும் நாள்

ஜப்பானின் மிசுனாமியில் கிரானைட்டில் 500 மீட்டர் ஆழம் வரை சென்ற ஆய்வகம், நகராட்சியுடனான நிலக் குத்தகை 2022 ஜனவரியில் முடிவதை ஒட்டி நிரப்பி மூடப்பட்டது. மூடும் திட்டம், அதற்கான நிதி, நிரப்பும் பொருளை எங்கே சேமித்து வைப்பது என்ற மூன்றும் தோண்டும் அனுமதியோடு சேர்ந்தே வர வேண்டும். வெட்டியெடுத்த பாறையையே திரும்ப நிரப்புவதென்றால், அதுவரை அது மழையில் நனைந்து அமிலமோ உப்போ கசியாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அந்தக் கணக்கில் அடங்கும்.

பம்புகள் நின்றதும் நீரழுத்தம் மீளத் தொடங்கும். அது பல ஆண்டுகள் நடக்கும் கடைசிச் சோதனை. தரைமட்டத்துத் துளைகளையும் அவற்றின் அழுத்தமானிப் பலகைகளையும் அதுவரை அகற்றக் கூடாது. அப்போது அளப்பவர், தோண்டுவதற்கு முன் எடுத்த முதல் பதிவுகளோடு தம் எண்களை ஒப்பிடுவார். அதனால் முதல் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே, எந்த அலகு, எந்த உயரத்தை அடிமட்டமாகக் கொண்டது, காற்றழுத்தம் கழிக்கப்பட்டதா இல்லையா என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.